மாப்பிள்ளை சொன்ன கார்டு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுவது. நானும் அவரும் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத் தூசியில் முகமூடி இல்லாமல் திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். ‘போட்டா மூச்சு முட்டுது’ என்று பதில் எழுதாதே.

உனக்குப் போன் செய்யலாம் என்றால், உங்கள் முகாமில் சிக்னல் வருகிற ஒரே இடம் சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசல். அங்கே நின்று நீ பேசினால் நம் வீட்டுக் கதை முப்பது பேருக்குக் கேட்கும். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். நான் வேலை செய்கிற அலமாரிக் கம்பெனியில் எங்கள் மேனேஜரம்மா ஒரு போட்டி வைத்துவிட்டார். “தட்டையாப் படம் காட்டினா யாரும் ஆர்டர் குடுக்க மாட்டேங்குறாங்க. கம்ப்யூட்டர்ல வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி காட்டுங்க, அவங்கவங்க வீட்டுலயே செய்யலாம். மார்ச் கடைசிக்குள்ள யார் முழு வீட்டையும் நல்லாக் கொண்டு வர்றாங்களோ, டிசைன் பிரிவுக்கு இனிமே அவங்கதான் தலைமை” என்றார். போட்டியில் இருப்பது இரண்டே பேர், நானும் பக்கத்து மேசைக்காரியும். அவள் வீட்டில் போன மாதம்தான் புத்தம்புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டர் பாவம், தன்னால் முடிந்ததைச் செய்கிறது. ஆனால் நான் திரையில் வரைந்த வீட்டில் கேமரா கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் நுழையும்போது அப்படியே நின்றுவிடுகிறது. நான் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது வாசற்படியிலேயே நிற்கிறது. படத்தை வேகமாக ஓட்டுகிற ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அவர் சாப்பாட்டு இடைவேளையில் நாலு கடை ஏறி இறங்கி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். “கையகலம்தான் இருக்கு. ஸ்லாட்லேர்ந்தே கரண்ட் எடுத்துக்குமாம், தனி ஒயர் வேண்டாம். பழைய கம்ப்யூட்டருக்கு இதுதான் தோதுன்னு தோணுது” என்று அவர் சொன்னார். விலையும் நம் கைக்கு அடக்கம் என்று அவர் சொன்னார். நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வாங்கிவிடுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

*

ஜனவரி 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் நலம். இருமல் இருக்கிறது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது. உன் தலைவலி விட்டதா? திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு உட்காராதே.

உன் கடிதத்தில் ‘அவர் சொன்னார்’ எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தாயா? நான் பார்த்தேன். எத்தனை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் என்னை அற்பன் என்பாய்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் பென் டிரைவைத் தலைகீழாகச் செருகப் பார்த்து, போகவில்லை என்றதும் ‘கெட்டுப்போச்சு’ என்று குப்பையில் போட்டவர் அவர். நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான் கிராபிக்ஸ் கார்டு சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டது. சுரங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டர் முழுவதையும் கட்டி மேய்க்கிற நான் எதற்கு இருக்கிறேன்?

கையகலக் கார்டு சினிமா பார்க்க லாயக்கு. நீ செய்கிற வேலைக்கு மெமரி வேண்டும். இரண்டு ஃபேன் வைத்த கார்டு வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றி எனக்கா தெரியாது? பக்கத்துத் தகட்டை அறுத்துக் காற்றுக்கு வலை வைத்தவன் நான். நீல பெயிண்ட் அடித்தவன் நான். நீ தும்மிக்கொண்டே டார்ச் பிடித்தாய். ‘நாளைக்குப் பெரிய கார்டு போட்டா இடம் வேணும்’ என்று அன்றைக்கே ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பவர் சப்ளையும் பெரியதாகவே போட்டேன். இரண்டு ஃபேன் கார்டு அதற்குள் கால் நீட்டிப் படுக்கலாம். பெயிண்ட் எங்காவது உரிந்திருக்கிறதா? எழுது.

எதையும் வாங்காதே. கார்டு நான் அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டால் இருமல் மட்டுப்படும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், செய்து பார்.

கோபித்துக்கொள்ளாமல் படி. பக்கத்து மேசைக்காரி முன்னறையை முடித்துவிட்டாள். கொண்டுவந்து காட்டினாள். சோபாவைச் சுற்றிக் கேமரா வழுக்கிக்கொண்டு போகிறது. நான் “நல்லா இருக்கு” என்று சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். எனக்கு அந்தத் தலைமை இடம் வேண்டும் அண்ணா. ஆறு வருஷமாக அடுத்தவர் சொல்கிற கைப்பிடியை அடுத்தவர் சொல்கிற கதவில் வரைந்துகொண்டிருக்கிறேன். என் இஷ்டப்படி ஒரு சமையலறையாவது செய்ய வேண்டும்.

அவரும் சும்மா இல்லை. தினமும் எதையாவது படித்துக்கொண்டிருக்கிறார். காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, “பழைய போர்டுல சில புதுக் கார்டு போட்டா திரையே வராதாமே, மச்சானுக்கு இது தெரியுமா?” என்று கேட்கிறார். தெரியும், நீங்கள் முதலில் வாயைக் கொப்பளியுங்கள் என்றேன்.

சின்னதே போதாதா அண்ணா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். நீ அனுப்புகிற பெரிய கார்டு பெட்டிக்குள் போகவில்லை என்றால் என்ன செய்வது? சும்மாதான் கேட்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதால் இன்னும் வாங்கவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கச்சி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். மிளகும் தேனும் சாப்பிட்டேன், இருமலோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த எரிச்சலுக்கு மிளகு மட்டும் காரணமில்லை.

‘மச்சானுக்கு இது தெரியுமா?’ என்று கேட்கிறாராமே! மச்சானுக்கு என்ன தெரியும், மச்சான் இங்கே கல் உடைக்கிறான்!

ஆமாம், எனக்குப் பொறாமைதான். போதுமா? நீ பள்ளிக்கூடம் போகும்போது கால்குலேட்டர் பட்டன் ஒட்டிக்கொண்டால்கூட என்னிடம்தான் வருவாய். கல்யாணத்துக்குப் பிறகும் மவுஸ் நகரவில்லை என்றால் எனக்குத்தான் எழுதினாய். வீடு, வாசல், சமையல், சினிமா எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பேச்சைக் கேள், நான் வேண்டாம் என்றேனா? இந்த ஒரு விஷயத்தில்தான் நான் ஆளாக இருந்தேன். அதிலும் அவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எனக்கு எரியாதா?

இன்னொன்றும் சொல்கிறேன். போன மாதம் டவுனுக்குப் போனபோது மாப்பிள்ளை சொன்ன அதே கையகலக் கார்டு ஒரு கடையில் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, மோசமில்லை. அன்றைக்கே அனுப்பியிருந்தால் இந்நேரம் உன் மேசைக்கு வந்திருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதை நான் வாங்கி அனுப்பினால் அப்புறம் நான் யார், கூரியர்காரனா?

இப்போது பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. அடுத்த முகாமில் வரைபட அலுவலகத்தை மூடுகிறார்கள். அங்கிருந்து ஒரு கார்டைப் பிடித்தேன். இரண்டு ஃபேன், மாப்பிள்ளை கார்டைப் போல இரண்டு பங்கு மெமரி. தூசி தட்டி, சூடு தணிக்கிற பேஸ்ட்டை மாற்றி, எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கில்லி மாதிரி ஓடுகிறது. லாரிக்காரரிடம் கொடுத்து டவுனிலிருந்து பார்சல் போடச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் போகாதா என்று கேட்கிறாய். என் பெட்டியைப் பார்த்தா கேட்கிறாய்? பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று கேட்டேனே, அதற்குப் பதிலே இல்லையே.

கார்டு போட்டதும் மாப்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டு.

உன் அண்ணன்

*

மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உன் வயிறு இப்போது எப்படி இருக்கிறது? மிளகை நிறுத்திவிடு. வெறும் வெந்நீர் குடி. தூங்கும்போது தலைமாட்டில் இன்னொரு தலையணை வைத்துக்கொண்டால் இருமல் வராது. ராத்திரியில் மோர் வேண்டாம். போன வருஷமே கம்பளி கிழிந்துவிட்டது என்றாயே, புதிது வாங்கினாயா? வாங்கவில்லை என்றால் எழுது, அனுப்புகிறேன்.

கார்டு வந்தது. நன்றாக இருக்கிறது.

உன் தங்கச்சி

*

மார்ச் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

கம்பளி வாங்கிவிட்டேன். வயிறு சரியாகிவிட்டது. உன் கடிதம் வந்ததும் எல்லாமே சரியாகிவிட்டது!

என்ன இவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டாய்? வேலை மும்முரம் போல. சரி, கேட்கிறதற்காவது பதில் சொல். கேமரா இப்போது சமையலறைக்குள் எப்படிப் போகிறது? இரண்டு ஃபேனும் சுற்றுகின்றனவா, சத்தம் வருகிறதா? ஒன்று லேசாக முனகும், பயப்படாதே. மாப்பிள்ளை பார்த்தாரா? பார்த்துவிட்டு என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே எழுது, நீயாக எதையும் மெழுகாதே. முகம் எப்படிப் போனது என்றும் எழுது.

எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். “ஏம்ப்பா, தங்கச்சி வீட்டு மாப்பிள்ளையை ஜெயிச்சதுக்கா இவ்ளோ ஆட்டம்?” என்று சமையல்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது?

தலைமை இடம் கிடைத்ததும் முதல் தகவல் எனக்கு வர வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னால் என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை, அவருக்குச் சொன்ன கையோடு எனக்கு எழுது.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 29

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கண்ணாடி அளவுச் சீட்டு எழுதிப் பழகியவன், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நான் எழுதுவது உங்கள் தங்கைக்குத் தெரியாது. அவள் உங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலாக எழுதவில்லை என்பதும், ஏன் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் கார்டு பெட்டிக்குள் போகவில்லை.

அது நீங்கள் செய்த பெட்டி இல்லை. அதை நான் ஒரு வருஷத்துக்கு முன்னால் மாற்றிவிட்டேன். பாங்கு மேசையில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒல்லிப் பெட்டி, ஒல்லி பவர் சப்ளை. மேசைக்கு அடியில் கால் வைக்க இடமில்லை என்று அவளிடம் காரணம் சொன்னேன். அது பொய். வேண்டுமென்றேதான் மாற்றினேன். அந்த நீலப் பெட்டி முன்னால் உட்காரும்போதெல்லாம் “எங்கண்ணன் செஞ்சது, எங்கண்ணன் அறுத்தது, எங்கண்ணன் பெயிண்ட் அடிச்சது.” வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியைக் காட்டுவாள். கல்யாணத்துக்கு நான் அளவெடுத்துச் செய்து கொடுத்த கண்ணாடி அவள் மூக்கிலேயே இருக்கிறது, அதை ஒருவரிடமும் காட்டியதில்லை. நீலப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவள் உங்களுக்குச் சொல்லவில்லை.

கார்டு வந்த அன்று அவள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். “கொஞ்சம் சாய்ச்சு வெச்சா போகாதா?” என்று என்னைக் கேட்டாள். லென்ஸ் ஒரு மயிரிழை பெரியதாக இருந்தாலே ஃபிரேமில் உட்காராது. இது ஒரு சாண் நீளம் அதிகம். அதற்குத் தேவையான ஒயரும் இந்தப் பவர் சப்ளையில் இல்லை. சின்னதை வாங்கி வருகிறேன் என்றேன். விடவில்லை. “அவன் அனுப்பினதை வெச்சுக்கிட்டு வேற போட்டா நல்லாவா இருக்கும்?” என்று பல நாள் ஓட்டினாள். கடைசியில் அவளைக் கேட்காமலே வாங்கி வந்து போட்டேன். அதற்குள் மார்ச் முடியும் நேரம் ஆகிவிட்டது. முன்னறையும் சமையலறையும் முடிந்தன, படுக்கையறை பாதியில் நின்றது. மேனேஜரம்மா சமையலறையைப் பார்த்து அசந்துவிட்டாராம். ஆனால் முழு வீட்டையும் முடித்தவள் பக்கத்து மேசைக்காரி. இடம் அவளுக்குப் போய்விட்டது.

உங்கள் மேல் எனக்குக் கோபம். ஜனவரியிலேயே சரி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவள் இன்று அந்த நாற்காலியில் இருப்பாள். ஆனால் உங்களைப் பற்றி ஒரு குறை அவள் வாயில் வரவில்லை. உங்கள் கார்டைப் பருத்தித் துணியில் சுற்றிப் பீரோவில் தன் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். நான் வாங்கியது பெட்டிக்குள் ஓடுகிறது, நீங்கள் அனுப்பியது பீரோவில் தூங்குகிறது. எதற்கு மரியாதை அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

உடல்நலம் பேணவும்.

தங்கள் மாப்பிள்ளை

*

மே 11

மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள், எனக்குத் திட்டுவதற்கு ஆள் வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிடப் போகவில்லை. முதலில் என் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டதற்காக உங்களைத் திட்டித் தீர்த்தேன். தனியாகத்தான். அந்த வலையை அறுக்கும்போது என் கட்டைவிரலில் தையல் போட்டார்கள், தெரியுமா உங்களுக்கு? சரி, அது போகட்டும். போகாது, இருந்தாலும் போகட்டும்.

அப்புறம் யோசித்தேன். நீங்கள் அவளிடம் பொய் சொல்லிப் பெட்டியை மாற்றினீர்கள். நான் கடையில் கையில் வாங்கிய கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு தடிமாடுகள் மல்லுக்கு நின்று, நடுவில் அவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம். ஆறு வருஷம் அவள் காத்திருந்த இடம் அது.

உங்களை வெறுப்பதற்கு என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது, உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அது. நீங்கள் சொன்ன கார்டு சரியான கார்டு. அந்தக் காரணத்தையும் பிடுங்கிக்கொண்டீர்கள். ஆனாலும் கார்டைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று படித்தபோது, இந்தத் துக்கத்துக்கு நடுவிலும், பொய் சொல்ல மாட்டேன், மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

எனக்குத் தெரிந்ததாக அவளிடம் காட்டிக்கொள்ள மாட்டேன். நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போடுகிறேன்.

மச்சான்

*

மே 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் நலமோ நலம். இருமல் போயே போய்விட்டது.

ரொம்ப நாளாகக் கடிதம் இல்லையே, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். கார்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டு. இரண்டு ஃபேனையும் விரலால் பிடித்துக்கொண்டு தட்டு.

கம்பெனி விஷயம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. இந்த மாதிரி இடமெல்லாம் இன்னும் நூறு வரும். நான் பொதுவாகச் சொன்னேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதையும் பொதுவாகத்தான் சொன்னேன்.

உன் அண்ணன்

*

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் சுகத்தை அப்புறம் கேட்கிறேன்.

இரண்டு உறையும் ஒரே நாளில் ஒரே தபால்காரர் கையில் வந்தன. கல்யாணம் ஆனதிலிருந்து நீ அவருக்கு ஒரு வரி எழுதியதில்லை. உன் கையெழுத்தில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. உனக்குத்தான் சுரங்கத்தில் ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் சொல்ல முடியாமல் அவருக்கு எழுதியிருக்கிறாய் என்று பதறிப் பிரித்தேன். படித்தேன். அதற்குப் பிறகு எனக்கு எழுதியதையும் பிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

பெட்டி மாறியதை நான் உனக்கு எழுதாதது தப்பு. ஏன் எழுதவில்லை என்று யோசி. எழுதினால் நீ அவர் மேல் பாய்வாய். கார்டு போகவில்லை என்றால் அவர் உன் மேல் பாய்வார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

அவர் சாயங்காலம் வந்ததும் உன் கடிதத்தை மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார். “நான் உன் நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தார். வாயை மூடுங்கள் என்றேன். இதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. உனக்கும் அதையே சொல்கிறேன்.

பக்கத்து மேசைக்காரி இப்போது எனக்கு மேலே இருக்கிறாள். தினமும் அவளிடம் போய், இந்தக் கதவுக்கு இந்தக் கைப்பிடி சரியா என்று கேட்க வேண்டும். அவள் நாற்காலியைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. எனக்கு அந்தப் பொறாமைக்கு ஒரு காரணமாவது இருக்கிறது, நான் ஆசைப்பட்டதை அவள் எடுத்துக்கொண்டாள். உன்னிடமிருந்து அவரோ, அவரிடமிருந்து நீயோ எதை எடுத்துக்கொண்டீர்கள்? நான் இரண்டு பேருக்கும் அப்படியேதானே இருந்தேன்?

அந்த இடம் போனது போனதுதான். அழுது முடித்துவிட்டேன். அப்புறம் ஒரு காரியம் செய்தேன். உன் பெரிய கார்டையும் அவருடைய சின்னக் கார்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய்க் கடைத்தெருவில் விற்றேன். அலமாரிக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவெடுக்கிறவள் நான். என் பெட்டிக்கு நானே அளவெடுக்கலாம் என்று இவ்வளவு நாள் எனக்கே தோன்றவில்லை, பார். நீளம், உயரம், பவர் சப்ளை எத்தனை வாட், எல்லாம் பார்த்தேன். நாலு கடையில் கேள்வி கேட்டேன். ஐந்தாவது கடையில் ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்து நானே போட்டேன். பாதியில் நின்ற படுக்கையறையை முடித்து மேனேஜரம்மாவிடம் காட்டினேன். “இதை அப்பவே முடிச்சிருக்கலாமே!” என்றார். அந்த ஒரு வார்த்தை எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று தெரியவில்லை. ஒரு பல் டாக்டரின் புது வீடு முழுவதையும் என்னைச் செய்யச் சொல்லியிருக்கிறார்.

என்ன கார்டு என்று கேட்காதே. பெயர் சொல்ல மாட்டேன், எத்தனை ஃபேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பெட்டி மூடிக்குச் சின்னதாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறேன்.

இருமல் போய்விட்டது என்பது பொய் என்று தெரியும். முகமூடி போடு.

உன் தங்கச்சி

*

ஜூன் 21

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம், நலம். உறையில் கடை முகவரி போட்டிருக்கிறேன். பதிலையும் கடைக்கே போடவும்.

அவள் என்னோடு இப்போது பேசுகிறாள். டாக்டர் வீட்டு வேலை நன்றாகப் போகிறது. கேமரா மாடிப்படியில்கூட நிற்காமல் ஏறுகிறது. பெட்டியில் சத்தமே இல்லை. பின்பக்கம் குனிந்து, கார்டின் விளிம்பில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். “என்ன தேடுறீங்க?” என்றாள். செருப்பைத் தேடுகிறேன் என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். அது என்ன கார்டு என்று உங்களுக்காவது எழுதினாளா? எழுதியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தாங்கிக்கொள்வேன்.

தங்கள் மாப்பிள்ளை

*

ஜூலை 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். முகமூடி போட ஆரம்பித்திருக்கிறேன், அவளிடம் சொல்லுங்கள். வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன்.

எனக்கும் எழுதவில்லை. இரண்டு கடிதத்தில் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். பல் டாக்டர் வீட்டுக் குளியலறை டைல்ஸின் நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாள், கார்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்படியானால் உங்களிடமும் சொல்லவில்லை! அப்பாடா! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். சமையல்காரரே என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்.

என்றைக்காவது ஒருநாள் மனசு இளகிச் சொல்லத்தான் போகிறாள். அப்போது நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள், நான் எங்கேயோ தூசிக்குள் இருப்பேன். உங்களிடம் முதலில் சொன்னால், தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.

மச்சான்